குளிர்நாட்டுக் கணக்கும் கரிசல் வெயிலும்: கட்டட வெப்ப மாதிரிகளின் வளர்ச்சியும் சிவகாசிப் பட்டாசு அறைகளும்

ஆய்வுச் சிக்கல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளில் மருந்து புழங்கும் அறைக்குள் ஏசியும் இல்லை, மின்விசிறியும் இல்லை. கதவுகளைத் திறந்துபோட்டுப் பகல் வெளிச்சத்தில்தான் வேலை. சித்திரை வெயிலில் அந்த அறை எவ்வளவு சூடேறும், ஏறிய சூடு எந்த வழியாக எவ்வளவு வேகத்தில் வெளியேறும் என்பது உள்ளே உட்கார்ந்து வேலை செய்பவரின் உயிரைத் தொடும் கேள்வி. அதைக் கணித்துச் சொல்லும் கட்டட ஆற்றல் மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை தரும் விடையை அப்படியே நம்பிவிட முடியாது. சுவரின் தடிமனைத் தவறாகக் கொடுப்பது போன்ற பிழைகள் எளிதில் கண்ணில் படும். மென்பொருள் பிறந்து வளர்ந்த நாடுகளின் குளிரும் தேவையும் அதற்குள் விட்டுச்சென்ற எடுகோள்கள் அப்படிப் படுவதில்லை. அவை எந்தக் காலத்தில், எதற்காக உள்ளே வந்தன என்று தெரிந்தவர்தான் பிழையைக் கண்டுபிடிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கொதிகலன் காலம்

திடப்பொருள் வழியே வெப்பம் கடத்தப்படும் விதத்தை 1822இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே சமன்பாடாக்கினார். கட்டடப் பொறியாளர்கள் அதிலிருந்து எளிய வடிவம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சுவரின் பரப்பையும், அதன் வெப்பக் கடத்துகையையும், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் பெருக்கினால் வெப்ப இழப்பு கிடைக்கும். அதற்கேற்பக் கொதிகலன் வாங்கலாம். அமெரிக்காவில் எரிபொருள் தேவையைக் கணக்கிட 65 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 18.3 டிகிரி செல்சியஸை, அடிப்படையாகக் கொண்ட முறை பரவியது. குளிர்கால இரவில் சூரியன் இல்லை. வெளி வெப்பநிலையும் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. அங்கே இந்தக் கணக்கு சரியாகவே வேலை செய்தது. காலையிலிருந்து மாலைக்குள் கூரையின் வெப்பநிலை பல பத்து டிகிரி மாறும் கரிசல் பூமிக்கு இது போதாது.

கணினிக் காலம்

நேரத்துக்கு நேரம் மாறும் வெப்பத்தைக் கணினியில் கையாளும் வழியைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தைச் சேர்ந்த ஸ்டீபன்சனும் மிட்டாலஸும் 1967இல் முன்வைத்தார்கள். சுவர் நேற்று வாங்கிய வெப்பத்தை இன்று எவ்வளவு வெளியிடும் என்பதைச் சில எண்களில் அடக்கும் முறை அது. 1971இல் அதையே மேலும் சுருக்கிக் கடத்தல் சார்புகளாக்கினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடி இந்தத் துறைக்கு வேகம் கொடுத்தது. அமெரிக்காவில் குசுடாவின் நிரல், ராணுவ ஆய்வகத்தின் பிளாஸ்ட், எரிசக்தித் துறையின் டிஓஇ-2 ஆகியவை அடுத்தடுத்து வந்தன. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் ஈஎஸ்பி உருவானது.

இவற்றுள் டிஓஇ-2 நம் சிக்கலுக்கு முக்கியமானது. அறை மாறாத வெப்பநிலையில் இருப்பதாக வைத்து முதலில் சுமையைக் கணக்கிட்டுவிட்டுப் பிறகு திருத்தும் முறை அதனுடையது. ஏசி ஓடும் அலுவலகத்துக்குப் பொருந்தும் அந்த எடுகோள், எந்தக் கருவியும் இல்லாமல் தன் போக்கில் சூடேறும் அறைக்குப் பொருந்தாது. பிளாஸ்ட், ஒவ்வொரு பரப்பிலும் வெப்பத்தின் வரவுசெலவைச் சமன்செய்தது. 2001இல் வெளியான எனர்ஜிபிளஸ், பிளாஸ்டின் அந்த முறையையும் டிஓஇ-2இன் பிற கூறுகளையும் சேர்த்துக்கொண்டது. கணிப்புகளைச் சரிபார்க்க 1995இல் பெஸ்டெஸ்ட் என்னும் சோதனைத் தொகுதி வந்தது. இலேசான சுவர் கொண்ட அறை, கனத்த சுவர் கொண்ட அறை என்று மாதிரி அறைகளை வகுத்து, பல மென்பொருள்களின் விடைகளை அது ஒப்பிட்டது. அந்த அறைகள் நின்றது அமெரிக்காவின் டென்வர் நகர வானிலையில்.

இந்தியாவில்

இங்கே ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெப்ப நாட்டுக் கட்டடங்களை ஆராய்ந்தது. இந்தியத் தர நிறுவனத்தின் எஸ்பி 41 கையேடு 1987இல் வெளிவந்தது. 1980இல் அன்னா மணி வெளியிட்ட சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, கூரையில் விழும் வெயிலை இந்திய அளவீடுகளிலிருந்தே எடுத்துக்கொள்ள வழிசெய்தது. 2001இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் தொடர்ந்து 2007இல் வணிகக் கட்டடங்களுக்கும், 2018இல் ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் குடியிருப்புகளுக்கும் விதித்தொகுப்புகள் வந்தன. பின்னது கூரையின் கடத்துகைக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட் என்று வரம்பு வைத்தது. பட்டாசு அறை வணிக வளாகமும் அல்ல, வீடும் அல்ல. இரண்டு தொகுப்புகளிலும் அதற்கு இடமில்லை.

ஓர் அறையின் கணக்கு

பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் போட்ட அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே சுருக்கியோ தட்டோடோ இல்லை. அதன் கூரைக் கடத்துகை சுமார் 3.7 வாட், அதாவது வீடுகளுக்கான வரம்பைப் போல மூன்று மடங்கு. வெளிக்காற்று 38 டிகிரி, வெயில் சதுர மீட்டருக்கு 900 வாட், தளம் கறுத்துப்போய் அதில் 70 விழுக்காட்டை உறிஞ்சுகிறது என்று கொண்டால், கூரைமேல் காற்றும் வெயிலும் சேர்ந்த பயன்வெப்பநிலை 65 டிகிரியைத் தொடுகிறது. அறைக்குள் 36 டிகிரி இருந்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் கூரையும் 108 வாட் வெப்பத்தை உள்ளே இறக்கும். சுண்ணாம்பு அடித்து உறிஞ்சலை 30 விழுக்காடாக்கினால் இது பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இனி தரைக்கு வருவோம். எனர்ஜிபிளஸில் தரைக்கடி வெப்பநிலையைப் பயனர் கொடுக்காவிட்டால், மென்பொருள் தானே 18 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறது. சூடேற்றிய அமெரிக்கக் கட்டடத்துக்கு அது ஏற்கத்தக்க எண். ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 28, 29 டிகிரியை ஒட்டியிருக்கும் நம் சமவெளியில், அந்த எண் அறைக்கடியில் இல்லாத ஒரு குளிர்பதனக் கருவியை வைத்துவிடுகிறது. பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தரை வழியே சதுர மீட்டருக்கு 77 வாட் வெளியேறுவதாகக் கணக்கு வரும். 29 டிகிரி என்று திருத்தினால் 30 வாட்தான். கூரை இறக்கும் வெப்பத்தில் பத்தில் ஏழு பங்கைப் பொய்யான தரை விழுங்கிவிட, அறை பாதுகாப்பானது என்று அறிக்கை சொல்லும்.

சூட்டைக் குறைத்துச் சொன்னால் என்ன ஆகும்? 1928இல் சோவியத் வேதியியலாளர் செமியோனோவ் வகுத்த வெப்ப வெடிப்புக் கோட்பாடு இதற்கு விடை தருகிறது. வேதிவினை உண்டாக்கும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தை மிஞ்சினால், சூடு தானாகவே பெருகிக்கொண்டு போகும். பட்டாசு விபத்துகளில் உராய்வுக்கும் அதிர்ச்சிக்கும் முதன்மையான இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் ஈரம்பட்ட அலுமினியப் பொடிக் கலவை தானே சூடாகும் தன்மையுடையது. மிச்ச மருந்தைத் தேக்கிவைப்பது இதனால்தான் ஆபத்து. அந்தச் சமன்பாட்டில் சுற்றுப்புற வெப்பநிலை என்று வருவது, நம் மென்பொருள் தவறாகச் சொல்லும் அதே அறைக்காற்றின் சூடுதான்.

முடிவுகள்

பிழை தேடும் வரிசையை வரலாறே தருகிறது. முதலில் தரை வெப்பநிலை. இரண்டாவது, மென்பொருள் தானே சேர்த்துக்கொண்ட குளிரூட்டல் ஏதும் ஓடுகிறதா என்பது. மூன்றாவது காற்றோட்டம்: மூடிய கட்டடத்துக்கான நிலையான காற்றுமாற்ற எண்ணை நீக்கி, திறந்த கதவுகளையும் காற்றின் திசையையும் கொண்டு கணக்கிட வேண்டும். நான்காவது வானிலைக் கோப்பு: கடற்காற்று வீசும் தூத்துக்குடியின் கோப்பு சாத்தூருக்கு ஆகாது. ஐந்தாவது கூரை: மெல்லிய தகரத்தை நிறையுள்ள அடுக்காகக் கொடுத்தால் கடத்தல் சார்புக் கணக்கு தடுமாறும், அதை நிறையற்ற வெப்பத்தடையாகக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அளவீடு இல்லாமல் எந்த மாதிரியையும் நம்புவதற்கில்லை. மருந்தே புழங்காத, அதே அமைப்புள்ள வெற்று அறை ஒன்றைக் கட்டி, ஓராண்டு முழுவதும் கூரை, தரை, காற்று ஆகியவற்றின் வெப்பநிலையைப் பதிவுசெய்து, யாரும் எடுத்தாளும்படி வெளியிடும் பணியை இவ்வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் ஏற்கலாம். டென்வர் வானிலையில் நிற்கும் மாதிரி அறைகளைக் கொண்டு உலகம் தன் மென்பொருள்களைச் சோதிக்கிறது. சிவகாசி வெயிலில் நிற்கும் ஒரு மாதிரி அறையும் அந்த வரிசையில் சேர வேண்டும்.