கறுப்பெழுத்து: தடித்த முகப்பு வடிவம்

கறுப்பெழுத்து, அகன்ற முனை கொண்ட இறகுப் பேனாவால் ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஏட்டுக் கையெழுத்திலிருந்து பிறந்த லத்தீன் அச்செழுத்து வகை. வளைய வேண்டிய இடத்தில் கோடு முறிந்து திரும்பும்; லத்தீன் ‘o’ கூட அறுகோணம் போலத் தெரியும். எழுத்துகள் நெருங்கி நிற்பதால் பக்கமே கறுத்துப்போகும்.

சுமார் 1455இல் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் அச்சிட்ட விவிலியமும், இங்கிலாந்தில் 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியமும் இவ்வெழுத்தில்தான் வந்தன. பின்னர் ஆங்கிலேயர் வாசிப்புக்கு ரோமன் எழுத்தை வைத்துக்கொண்டு, இதைச் சட்டப் பத்திரத்துக்கும் நாளிதழ் முகப்புக்கும் ஒதுக்கினர். ஜெர்மானியர் அப்படி விட்டுவிடவில்லை. 1850 வாக்கில் ஜொஹான் கிறிஸ்டியன் பவுவர் வடிவமைத்த ‘ஃபெட்டே ஃபிராக்டூர்’ இவ்வகையின் கொட்டை எழுத்து: தடித்த தண்டு, மயிரிழைக் கோடு, சுருண்டு நெளியும் முதலெழுத்து. கடை விளம்பரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போன்றது. இன்று பலர் கறுப்பெழுத்தையே நாஜிகளின் எழுத்து என்கிறார்கள். 1941 ஜனவரியில் ‘யூத எழுத்து’ என்று பொய்க் காரணம் சொல்லி இதை விலக்கியவர்களே நாஜிகள்தான்.

தமிழுக்கும் இதற்கும் ஒரு மெல்லிய உறவு உண்டு. தரங்கம்பாடி கிறித்தவ மிஷனின் செய்திகளை ஜெர்மனியின் ஹாலே நகரம் கறுப்பெழுத்தில் அச்சிட்டது. அங்கே வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி வந்தன. அவை அளவில் பெரிதாக இருந்ததால், சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்து 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். ஆனால் கறுப்பெழுத்தின் முறிவு தமிழ் எழுத்தில் ஒட்டவில்லை. ஓலையில் எழுத்தாணி சுழன்று வளர்ந்த ண, ஞ, இ ஆகியவற்றை முறித்தால் எழுத்தே சிதையும். தமிழ் அச்சகங்கள் கனத்தைக் கூட்டின. வளைவில் கை வைக்கவில்லை.

மலாயாவிலும் கறுப்பெழுத்து காகிதங்களில் தலைகாட்டியது. அங்கே கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் பரவிய காலத்தில், மலாயா ரப்பருக்கு லண்டனில் மூலதனம் திரட்டப்பட்டது. அக்காலப் பங்குப் பத்திரங்களிலும் ஒப்பந்தங்களிலும் தலைப்பு வாசகத்தைக் கறுப்பெழுத்தில் போடுவது ஆங்கிலேய வழக்கம். தோட்டத் துரையும் பங்குதாரரும் பார்க்க வேண்டிய காகிதங்கள் அவை. பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு விடியுமுன் நின்ற தோட்டத் தமிழருக்கு அவற்றோடு என்ன வேலை? அவர்கள் கைக்கு வந்த கொட்டை எழுத்து, 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ போன்ற ஏடுகளின் தலைப்புகளில் இருந்தது. அது முறியாத, உருண்ட எழுத்து.

கணினி வந்தபின் கறுப்பெழுத்து எவர் கைக்கும் எட்டிற்று. ‘ஓல்டு இங்கிலிஷ்’ என்ற பெயரில் அது நற்சான்றிதழ்த் தலைப்பிலும், ராப் பாடகர்களின் வழியே சட்டையிலும் பச்சை குத்தலிலும் ஏறியது. பயன்படுத்துவோர் அடிக்கடி மீறும் விதி ஒன்று: பெயர் முழுவதையும் பெரிய எழுத்தில் அடிக்கக் கூடாது. முதலெழுத்து மட்டும் பெரிதாகவும் மற்றவை சிறியனவாகவும் இருந்தால்தான் அதை வாசிக்க முடியும்.