வாடகை வீட்டில் புக்மார்க்

ஆபீஸ் கம்ப்யூட்டரில் நீங்கள் குறித்துவைத்த புக்மார்க், சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் எட்டிப் பார்க்கிறதே... நடுவில் அது எங்கே தங்கிவிட்டு வருகிறது? எங்கோ ஒரு சர்வரில். (ஓட்டல் சர்வர் இல்லீங்க!) அது யாருடைய சர்வர் என்பதில்தான் விவகாரமே!

2006-ல் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்காக 'பிரவுஸர் சிங்க்' என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்தது கூகுள். புக்மார்க், பாஸ்வேர்டு, எங்கெங்கே மேய்ந்தோம் என்கிற ஜாதகம் எல்லாமே கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவின. ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். 2008-ல் கடையை மூடிவிட்டது கூகுள்.

அதே 2006-ல் 'ஃபாக்ஸ்மார்க்ஸ்' ஆரம்பித்தவர் மிட்ச் கேபோர். எண்பதுகளில் 'லோட்டஸ் 1-2-3' மூலம் ஆபீஸ்களைக் கலக்கினாரே, அவரேதான்! பிற்பாடு அதற்கு 'எக்ஸ்மார்க்ஸ்' என்று பெயர் மாறியது. சுமார் 20 லட்சம் பேர் சேர்ந்தும் கல்லாவில் காசு விழவில்லை. 2010 செப்டம்பரில் 'மூடப்போகிறோம்' என்று அறிவித்தவுடன், 'காசு வேணும்னா தர்றோம், மூடிடாதீங்க' என்று கெஞ்சினார்கள். டிசம்பரில் லாஸ்ட்பாஸ் கம்பெனி வாங்கிக் காப்பாற்றியது. அந்த உயிரும் 2018 மே மாதம் வரைதான்.

மோஸில்லா செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. 2007 டிசம்பரில் 'வீவ்' என்று பரிசோதனையாக ஆரம்பித்து, 2011-ல் ஃபயர்ஃபாக்ஸ் 4-க்குள்ளேயே வைத்துத் தந்த 'சிங்க்'. உங்கள் கம்ப்யூட்டரிலேயே எல்லாவற்றையும் பூட்டி, பூட்டிய பெட்டியை மட்டும் சர்வருக்கு அனுப்பும். சாவி உங்களிடம். சர்வர்காரர் பெட்டியைக் குலுக்கிப் பார்க்கலாம், திறக்க முடியாது! அதோடு விடவில்லை. சர்வரை இயக்கும் மென்பொருளையே 'எடுத்துக்கோங்க' என்று வெளியிட்டுவிட்டார்கள். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டு, ஃபயர்ஃபாக்ஸில் சர்வர் முகவரியை மாற்றினால்... நீங்களே முதலாளி! லாகின் மட்டும் மோஸில்லா வாசல் வழியாக. அதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளும் பிடிவாதக்காரர்கள் உண்டு.

சொந்த வீடு என்றால் சும்மாவா? டிஸ்க் படுத்தால், கரன்ட் போனால் நீங்கள்தான் ஓட வேண்டும். போதாக்குறைக்கு, பைத்தானில் இருந்த பழைய சர்வரை ஓரங்கட்டிவிட்டு, ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதி, 2020-ல் அதற்கு மாறியது மோஸில்லா. கோடிக்கணக்கான பேருக்காகக் கட்டியது அது. நாலு பேர் வீட்டில் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றிய கதை!

'எதுக்குய்யா இந்த வம்பு?' என்கிறீர்களா? கூகுளின் குரோமுக்கு அஸ்திவாரம், குரோமியம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். லினக்ஸ்காரர்கள் பலர் குரோமுக்குப் பதிலாக அதையே வைத்திருந்தார்கள். 2021 மார்ச்சில், 'சிங்க் வசதி குரோமுக்கு மட்டும்தான்' என்று அவர்களுக்குக் கதவைச் சாத்தியது கூகுள். அவர்களுடைய புக்மார்க்குகள் அவரவர் கம்ப்யூட்டரில் பத்திரமாகத்தான் இருந்தன. பக்கத்து அறைக் கம்ப்யூட்டருக்குத்தான் போக வழியில்லை.