அரிதாரம் கலைக்கிற நேரம்

போன மாசம் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு சென்னையிலேர்ந்து மக வந்திருந்தா. ராத்திரி வரவேற்பு முடிஞ்சு வந்தவ, கிணத்தடியில உக்காந்து சோப்பு போட்டுக் கண்ணைத் தேய்ச்சிட்டே இருந்தா. தண்ணியில கலையாத மையாம். விடிஞ்சு பார்த்தா இமை வீங்கி, கண்ணு செவந்து கிடக்கு. "உன் பெரிய தாத்தா பார்த்திருந்தா திட்டியிருப்பாரும்மா"ன்னேன். அவருக்கும் மைக்கும் என்ன சம்பந்தம்னு அவளுக்குத் தெரியாது.

எங்க பெரியப்பா தெருக்கூத்து கட்டினவர். எங்க செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா ராத்திரி பூரா பாரதக் கூத்து நடக்கும். பெண் வேஷமும் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. பெரியப்பா திரௌபதி. துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சைன்னு முகம் முழுக்கப் பூச்சு இருக்கும். ஆனா பெண் வேஷத்துக்குக் கண்ணுதான் உசுரு. காது பக்கம் வரைக்கும் மையை இழுத்திருப்பார்.

1980 வாக்குல நான் சின்னப் பையன். கூத்தைவிட எனக்குப் பிடிச்சது விடிகாலையில வேஷம் கலைக்கிறதைப் பார்க்கிறதுதான். உள்ளங்கையில தேங்காய் எண்ணெயை ஊத்தி, ரெண்டு கையாலயும் சூடு பறக்கத் தேய்ச்சு, மூடின கண்ணு மேல அப்படியே வெச்சுக்குவார். தேய்க்க மாட்டார். ஒரு வெத்தலை மெல்லுற நேரம் சும்மா இருப்பார். அப்புறம் பழைய வேட்டித் துணியால மேலேர்ந்து கீழே ஒரு இழுப்பு. திரௌபதி துணியில வந்துடுவா, பெரியப்பா வெளியே வந்துடுவார். நான் அவசரப்பட்டு அவர் கன்னத்தைத் தேய்ச்சப்ப ஒருநாள் சொன்னார்: "கண்ணுத்தோலு வெங்காயச் சருகுடா. ஊற வெச்சா தானா வரும், தேய்ச்சா கிழியும்."

இது ஏன் வேலை செய்யுதுன்னு பிற்பாடுதான் யோசிச்சேன். எங்க அம்மா மை எடுக்கிறது எப்படின்னா, கரிசலாங்கண்ணிச் சாறுல துணியை நனைச்சு நிழல்ல காயவெச்சுத் திரி திரிப்பாங்க. விளக்கெண்ணெய் ஊத்தி எரிச்சு, மேலே தட்டைக் கவுத்து வெச்சா கரி படியும். அதை விளக்கெண்ணெயிலேயே குழைச்சா மை. கரி தண்ணியில கரையாது. அதைப் பிடிச்சு வெச்சிருக்கிறது எண்ணெய், அதனால எண்ணெய்தான் அதை விடுவிக்கும். இப்ப கடையில விக்கிற தண்ணிக்கு அசையாத மையிலயும் மெழுகு மாதிரி சங்கதிதான் இருக்கு. சோப்புத் தண்ணி அதுல தோத்துப்போகும், நம்ம கண்ணுதான் எரியும். ரோமாபுரியில காலன்னு ஒரு வைத்தியர் 2ஆம் நூற்றாண்டுலேயே தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், ரோஜாத் தண்ணி சேர்த்து ஒரு களிம்பு பண்ணினார்னு சொல்றாங்க. பிற்பாடு அந்த வகைக் களிம்பை வெச்சுத்தான் அந்த ஊர்ப்பக்கத்து நாடகக்காரங்களும் வேஷம் கலைச்சாங்க.

மை தீட்டுறதைப் பத்தி நம்ம இலக்கியத்துல நிறைய இருக்கு. காதலன் கண்ணுக்குள்ளேயே இருக்கான், மை தீட்டினா மறைஞ்சுடுவான்னு ஒருத்தி தீட்டாம இருக்கிறது குறள் 1127. ஆனா தீட்டினதை எப்படிக் கலைச்சாங்கன்னு நான் படிச்ச எதுலயும் இல்லை. அது எழுத்துக்கு வராத வேலை போல, கையிலேர்ந்து கைக்கே வந்திருக்கு.

ஒண்ணு சொல்லணும். 'இயற்கை'ன்னு எழுதியிருந்தாலே பட்டணத்துல கண்ணை மூடிக்கிட்டு வாங்குறாங்க. அரிதாரம்கிறதும் மண்ணுலேர்ந்து எடுத்ததுதான். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் தாது, சுத்தமான விஷம். அதை முகத்துல பூசிப்பூசித்தான் வேஷப்பூச்சு மொத்தத்துக்கும் அந்தப் பேரே வந்துச்சு. சுர்மாவுல ஈயம் இருக்கிறதும் உண்டு. அதனால எண்ணெயையும் இமை மேல மட்டும் வைங்க, கண்ணுக்குள்ள விடாதீங்க. லென்ஸ் போடுறவங்க முதல்ல அதைக் கழட்டுங்க. ரெண்டு நாள்ல சிவப்பு இறங்கலைன்னா டாக்டர்கிட்ட போகணும். நான் மகளை அழைச்சிட்டுத்தான் போனேன்.

சித்திரையில எங்க ஊர்ல பாரதம் போடுறாங்க. விடியற வரைக்கும் முழிச்சிருக்கேன்னு மக சொல்லியிருக்கா. வேஷம் கலைக்க எண்ணெய் கொடுக்கிறது இந்த வருஷம் எங்க வீட்டு முறை. ரெண்டு லிட்டர் செக்குல ஆட்டச் சொல்லியிருக்கேன்.