அரை மதிப்பெண் தகராறு

"சார், இந்தக் கணக்குக்கு இன்னும் அரை மார்க் போடலாமே?" இப்படி வாதாடுவது வகுப்புத் தேர்வோடு சரி. பொதுத்தேர்வில் கேட்க ஆளே கிடையாது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தொடங்கியது. பாடம் நடத்தியவர் ஒருவர், திருத்துபவர் முகம் தெரியாத வேறொருவர். இன்று ஆந்திராவில் உள்ள சாந்திபுரம் வட்டாரம் அப்போது வட ஆற்காட்டில் இருந்தது; 1911இல் சித்தூர் மாவட்டத்துக்கும் 1953இல் ஆந்திர மாநிலத்துக்கும் போனது. மறு ஆண்டே திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் பிறந்தது. எல்லை மாறியதே தவிர, திருத்திய தாள் மாணவர் கண்ணில் படவில்லை.

ஆந்திராவின் பொறியியல் நுழைவுத்தேர்வு தரவரிசையில் இன்டர்மீடியட் மதிப்பெண்ணுக்குப் பல ஆண்டுகள் 25 சதவீதப் பங்கு இருந்தது. அங்கே ஒரு மதிப்பெண் குறைந்தாலும் வரிசையில் பின்னால் போக வேண்டியதுதான். பேராசை என்று மாணவரைத் திட்டுவது சுலபம்; பின்னத்தில் இடம் ஒதுக்கியது அவரல்ல.

மகாராஷ்டிரத் தேர்வு வாரிய வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. கூட்டல் சரியா, விடை விடுபட்டதா என்று பார்க்கலாம். தாளைப் பார்க்கவோ மறுமதிப்பீடு கேட்கவோ உரிமையில்லை என்ற விதியை அது ஏற்றது.

தகவல் உரிமைச் சட்டம் வந்தபின் காற்று திசை மாறியது. சிபிஎஸ்இ தேர்வெழுதிய ஒரு மாணவரின் வழக்கில், 2011 ஆகஸ்டில், தன் விடைத்தாளைத் தேர்வர் பார்க்கலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. மறுமதிப்பீடு அதில் அடங்காது. திருத்தியவர் யார் என்பதையும் மறைத்துத்தான் காட்ட வேண்டும்.