மலிவு விலை வீட்டு ஒலியமைப்பு: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ற ஸ்பீக்கர் பெட்டியை உள்ளூரிலேயே செய்துகொள்ளும் முறை. பேச்சு வழக்கில் ‘அசெம்பிள் செட்’. விருதுநகர் மாவட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கி.மீ. இடைவெளியில் உள்ள இந்த இரண்டு ஊர்களும் பெயர் வாங்கியது நூற்பாலைக்கும் பால்கோவாவுக்கும்தான். ஐ.சி., சர்க்யூட் போர்டு போன்றவற்றுக்கு மதுரையையோ சென்னை ரிச்சி தெருவையோ நாடலாம். பெட்டிக்கு வேண்டிய பிளைவுட், பஞ்சு, ஆசாரி மூன்றுக்கும் ஊரைத் தாண்ட வேண்டியதில்லை.

இப்பகுதி மக்களின் காது மைக் செட்டில் பழகியது. மார்கழி விடியலில் கோயில் குழாய் ஸ்பீக்கரில் போடும் திருப்பாவை தெருக்கோடிவரை சொல் சொல்லாகக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கேட்காது. குழாய் ஸ்பீக்கர் சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழே பெரிதாக எதையும் வெளிவிடுவதில்லை. குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் பேச்சைக் கொண்டுபோவதுதான் அதன் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு அது போதும். வீட்டுக்குள் அதே ஒலி பத்து நிமிடத்தில் தலைவலி தரும். மைக் செட்காரர் கழித்துப்போட்ட ஆம்ப்ளிஃபயரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதும் நல்ல யோசனை அல்ல. அதன் பின்புறம் உள்ள 100 வோல்ட் லைன் முனையில் சாதாரண 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் காயில் எரியும், ஆம்ப்ளிஃபயரும் தப்பாது.

வாட் கணக்கு

மலிவு ஆம்ப்ளிஃபயரில் அதிகம் ஏமாற்றுவது வாட் கணக்குதான். பி.எம்.பி.ஓ. என்று அட்டைப்பெட்டியில் அச்சிடும் எண்ணுக்கு ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதுவும் எத்தனை ஓமில், எத்தனை வோல்ட்டில் என்று சேர்த்து.

சான்றாக, சான்யோ நிறுவனம் கார் ஸ்டீரியோவுக்கென வடிவமைத்த எல்.ஏ. 4440 ஐ.சி.யை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் அசெம்பிள் செட் என்றாலே நினைவுக்கு வருவது இதுதான். ‘ஃபோர் ஃபோர் ஃபோர்ட்டி’ என்றால் எந்த ரேடியோ மெக்கானிக்குக்கும் புரியும். இதே ஐ.சி.யைச் செருகி ‘100 வாட்’ என்று எழுதிய போர்டுகள் தாராளமாக விற்கின்றன. சான்யோவின் தரவுத்தாளோ, 13.2 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு 6 வாட், இரண்டையும் பிரிட்ஜ் செய்து ஒன்றாக்கினால் 19 வாட் என்கிறது. அந்த 19 வாட்டும் ஒலி நன்றாகவே சிதைந்த நிலையில் அளந்தது.

ஐந்து கால்கள் கொண்ட டி.டி.ஏ. 2030 இதைவிடத் தெளிவாகப் பாடும். 4 ஓமில் 14 வாட் தரும். 12-0-12 டிரான்ஸ்பார்மர் அதற்குப் பொருத்தம். 12 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றினால் பாரம் இல்லாதபோது ஏறத்தாழ 16 வோல்ட் நிற்கும், ஐ.சி. தாங்கும் உச்சம் 18. ‘இன்னும் கொஞ்சம் பவர் வரட்டுமே’ என்று 18-0-18 மாட்டினால் ஐ.சி. வெடிக்கும்.

டிரான்ஸ்பார்மர் கொடுக்காத வாட்டை எந்த ஐ.சி.யும் கொடுக்க முடியாது. ஆகவே பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது அதைக் கையில் தூக்கிப் பார்க்கும் பழக்கம் சரியானதே. 12-0-12, 5 ஆம்பியர் என்றால் 120 வோல்ட்-ஆம்பியர். அதன் இரும்பும் செம்பும் எடை காட்டாமல் இருக்காது. எடை பார்க்கும் இந்த விதி பொருந்தாத இடம் டி.பி.ஏ. 3116 போன்ற கிளாஸ் டி போர்டுகள். இவை 90 சதவீதத்துக்கு மேல் திறன் உள்ளவை. பெரிய ஹீட்சிங்க் வேண்டாம், பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரே போதும். அதிலும் கணக்கு உண்டு. 19 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்குச் சுமார் 20 வாட்தான் வரும். அடாப்டர் 65 வாட் என்றால், 4 ஓமில் இரண்டு சேனலையும் சேர்த்தும் அந்த 65-ஐத் தாண்டாது. புதிதாகத் தொடங்குபவருக்கு இன்று இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும், 4440-ஐ மறந்துவிடலாம்.

இருபது வாட் போதுமா என்றால், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு மிகுதி. வாட் இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 91 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால், ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். கையில் உள்ள காசில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் போக வேண்டும் என்பது இதனால்தான்.

பெட்டி

பெட்டியின் அளவு விருப்பப்படி வைப்பதல்ல. 1961-இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் வெளியிட்ட கட்டுரையும், அதைத் தொடர்ந்து 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதியவையும், ஸ்பீக்கரின் சில அளவீடுகளை வைத்தே பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிட வழி செய்தன. இந்த அளவீடுகளோடு வரும் ஸ்பீக்கர் கொஞ்சம் விலை கூடுதலானாலும் அதையே வாங்குவது நல்லது. அளவு தெரியாத 12 அங்குல ஸ்பீக்கரைக் கண்ணளவில் ஒரு பெட்டியில் அடைத்தால், எந்தப் பாட்டுக்கும் ஒரே சுருதியில் உறுமும். அதைத்தான் பலர் பேஸ் என்று நம்புகிறார்கள்.

ஆறரை அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு 15 முதல் 20 லிட்டர் பொருந்தும். உள்ளளவு 20 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம், 25 செ.மீ. ஆழம் வைத்தால் 17 லிட்டர். அதில் 5 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாயை 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டிப் பொருத்தினால் பெட்டி சுமார் 50 ஹெர்ட்சில் ஒத்ததிரும். தவில், டிரம், பேஸ் கிடார் ஆகியவற்றுக்கு அது போதும். தேக்கு வேண்டியதில்லை, 18 மி.மீ. பிளைவுட் போதும். மழைக்காலத்தில் ஊதிப்போகும் பார்ட்டிகிள் போர்டைத் தவிர்க்கலாம். மூட்டுகளில் ஃபெவிகால் தடவி ஸ்குரூ முறுக்க வேண்டும். ஆணி மட்டும் அடித்தால் நாளடைவில் அதிரும். காற்றுக் கசியும் இடத்தை எம்-சீல் கொண்டு அடைக்கலாம்.

பெட்டியின் உள்ளே எதிரொலியை அடக்கப் பஞ்சு வைப்பதுண்டு. இங்கே இந்த ஊர்களுக்கு ஒரு வசதி: இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்போனது. பருத்திப் பஞ்சைத் தனியே திணித்தால் ஈரம் குடித்து அடியில் கட்டியாக இறங்கிவிடும். அந்தப் பேண்டேஜ் (காஸ்) துணியில் மெத்தைபோலப் பொதிந்து, பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் ஸ்டேப்பிள் அடித்தால் நிற்கும். குழாயின் வாயை மறைக்கக் கூடாது. ஆம்ப்ளிஃபயரும் அதே பெட்டிக்குள் என்றால் ஹீட்சிங்க் பக்கம் பஞ்சு போகவே கூடாது.

மேல் சுருதிக்கென ட்வீட்டரும் சேர்த்தால், அதற்குத் தொடராக ஒரு நான்-போலார் கெப்பாசிட்டர் கட்டாயம். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோ ஃபாரட் போட்டால் சுமார் 4,200 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளதைப் படிப்படியாகக் குறைத்துவிடும். பிளஸ் மைனஸ் குறி அழிந்த ஸ்பீக்கரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே போனால் தலைகீழ். இரு பெட்டிகளில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் பேஸ் காணாமல் போகும். பிறகு ஊரெல்லாம் ஆம்ப்ளிஃபயரைத்தான் குறை சொல்வார்கள்.

பழையது வாங்கும்போது

ஸ்பீக்கரை மாட்டும் முன், பாட்டு எதுவும் ஓடாத நிலையில், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து டி.சி. வோல்ட் பார்க்க வேண்டும். 50 மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், விலை எவ்வளவு இறங்கினாலும் பழுது பார்க்காமல் அதில் நல்ல ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. ஃபோம் விளிம்பு வைத்த பழைய ஸ்பீக்கரில் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டால் உதிர்கிறதா என்று தெரிந்துவிடும். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் தாங்கும்.