முக்கூடலும் ஊருணியும்

ஆற்றங்கரை நாட்டில் நீர் ஊரைத் தேடி வரும். கரிசல் நாட்டிலோ ஊர்தான் நீரைத் தேடிச் செல்லும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களின் வரலாற்றைப் பாளையக்காரர் போர்களைக் கொண்டு எழுதுவது வழக்கம். குடிநீரைக் கொண்டு எழுதினால் அதே வரலாறு வேறொரு முகம் காட்டும்.

கரிசல் மண் மழையின் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பருத்தியையும் கம்பையும் விளைவிக்கும். குடிக்கும் நீரை எளிதில் தராது. கிணறுகள் பலவும் உவர்ப்பு. மேற்கு மலையில் தோன்றிச் சாத்தூர், விளாத்திகுளம் வழியே மன்னார் வளைகுடாவை அடையும் வைப்பாறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மக்கள், பயிருக்குக் கண்மாயும் குடிப்பதற்கு ஊருணியும் வெட்டினர். ஊருணியில் குளிப்பதும் கால்நடைகளை இறக்குவதும் ஊர்க் குற்றம். கலங்கிய நீரைக் குடத்திலிட்டுத் தேற்றாங்கொட்டையால் தெளியவைத்துப் பருகினர். அறிவுடையவன் பெற்ற செல்வத்துக்கு வள்ளுவர் நிறைந்த ஊருணியை உவமையாக்கினார். அவ்வுவமையின் முழு எடையும் கரிசல்காட்டு மக்களுக்குத்தான் தெரியும்.

ஊருணி ஒரு சிற்றூரைக் காக்கும்; தொழில் நகரத்தைத் தாங்காது. மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை 1876-ல் திறக்கப்பட்டது. 1891-ல் கோவில்பட்டியில் நூற்பாலை எழுந்தது. 1901-ல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. தீப்பெட்டித் தொழிலும் பெருகிற்று. மக்கள் பெருகப் பெருகத் தண்ணீர்ப் பஞ்சமும் பெருகியது. இறுதியில் நகரம் தெற்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியை நாடியது. ஆற்றுமணலில் ஊறும் நீர் அங்கிருந்து ஏற்றப்பட்டுக் குழாய்வழியே கோவில்பட்டியை அடைந்தது. பின்னர் இரண்டாவது குழாய்வழியும் அமைந்தது.

சீவலப்பேரி இலக்கிய அன்பர்களுக்குப் புதிய ஊரன்று. ஆசிரியர் பெயர் அறியப்படாத முக்கூடற் பள்ளு கொண்டாடும் முக்கூடல் அதுவே. மழைக்குறியும், பெருகி வரும் ஆற்று வெள்ளமும், நெல்வகைகளும் அந்நூலில் வரிசை வரிசையாக வரும். அது மருத நிலத்தின் செழிப்பைப் பாடிய நூல். அந்தச் செழிப்புக்கு வெளியே நின்ற கரிசல், இன்று அதே முக்கூடலின் நீரைக் குடிக்கிறது.

இதனை மருதம் கரிசலுக்கு இட்ட பிச்சை என்று கருதுவது பிழை. அங்குக் கூடுபவை மூன்று நீர். தாமிரபரணி பொதிகையிலிருந்தும் சிற்றாறு குற்றாலத்து மலையிலிருந்தும் வருகின்றன. மூன்றாவதாகிய கோதண்டராம நதி கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து, அதாவது கரிசல் நிலத்திலிருந்து இறங்கி வருகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் எளிய ஓடைதான். எனினும் அது சேராவிட்டால் முக்கூடல் என்னும் பெயரே இல்லை. கரிசல் தன் பங்கை முன்பே கொடுத்திருக்கிறது.

குழாய் வந்தபின் ஊருணிகள் பல தூர்ந்தன. அவற்றைக் காத்த கட்டுப்பாடும் தளர்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழை இதன் விலையை உணர்த்தியது. தாமிரபரணியில் பெருவெள்ளம் புரண்டது; ஆற்றை நம்பிய குடிநீர்த் திட்டங்கள் சேதமுற்றன. எங்கும் தண்ணீராய் நின்ற நாள்களிலேயே மக்கள் குடிநீருக்குக் குடத்துடன் நின்றனர். ஒரே ஆற்றை, ஒரே குழாயை நம்பிய வாழ்வு எத்துணை மெலிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கரிசல் இலக்கியம் தண்ணீரின் அருமையைப் பேசிய அளவுக்கு வேறெதையும் பேசியதில்லை எனலாம். பாரதி பிறந்த எட்டயபுரமும், கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தந்த இடைசெவலும் இந்த வறண்ட நிலத்தின் ஊர்களே. ஊருணி என்னும் சொல்லை இனிவரும் தலைமுறை அகராதியில் தேடாமல், ஊர் நடுவில் காண வேண்டும். ஆற்றுநீர் வரட்டும், ஊருணியும் நிறையட்டும்.