லினக்ஸில் மூலப் பகிர்வு நிரம்பும்போது இடத்தை மீட்டல்

லினக்ஸ் இயங்குதளம் அமர்ந்திருக்கும் மூலப் பகிர்வு நிரம்பிவிட்டால் புதிய மென்பொருளை நிறுவ முடியாது, தரவுத்தளம் எழுத மறுக்கும், திரையில் உள்நுழைவதே தடைபடலாம். அந்தப் பதற்றத்தில் கண்ணில் பட்ட பெரிய கோப்பை அழிப்பதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. இடம் எங்கே போனது என்று அளக்காமல் அழித்தால் பல சமயம் இடமும் கிடைக்காது, சிக்கலும் கூடும்.

'டிஎஃப்' கட்டளை கோப்பு முறைமையின் மொத்தக் கணக்கைத் தருகிறது. 'டியூ' அடைவு அடைவாகப் போய், பெயருள்ள கோப்புகளை மட்டும் கூட்டுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசமே துப்பு. லினக்ஸில் 'ஆர்எம்' நீக்குவது கோப்பின் பெயரைத்தான். ஏதேனும் நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை வட்டில் அது பிடித்த இடம் விடுபடாது. இயங்கிக்கொண்டிருக்கும் வலை சர்வரின் 20 ஜிபி பதிவுக் கோப்பை அழித்துப் பாருங்கள்: டியூ 20 ஜிபி குறைத்துக் காட்டும், டிஎஃப் அசையாது. அத்தகைய கோப்புகளை 'எல்எஸ்ஓஎஃப்' காட்டிக்கொடுக்கும். அந்தச் சேவையை நிறுத்தித் தொடங்கியதும் இடம் திரும்பும். முன்னதாகவே 'ட்ரன்கேட்' கட்டளையால் கோப்பைக் காலியாக்கியிருந்தால் சேவையைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. இன்னொரு வகையும் உண்டு. ஜிபி கணக்கில் இடம் மீதமிருந்தும் இடமில்லை என்ற பிழை வரும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் கோப்புக்கு ஒன்றாகத் தேவைப்படும் ஐநோடுகளின் எண்ணிக்கை பகிர்வை வடிவமைக்கும்போதே முடிவாகிறது. லட்சக்கணக்கான சிறு கோப்புகள் அதைத் தீர்த்துவிடும். அங்கே ஒரு பெரிய கோப்பை அழிப்பதால் ஒரே ஒரு ஐநோடுதான் விடுபடும்.

சர்வர் நின்றுகிடக்கையில் அளக்க நேரமேது என்று கேட்கலாம். அதற்கான இடைவெளி ஏற்கெனவே இருக்கிறது. எக்ஸ்ட்4 இயல்பாகவே 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. 100 ஜிபி பகிர்வில் அது சுமார் 5 ஜிபி. மற்றவர்களுக்கு வட்டு நிரம்பிய பிறகும் நிர்வாகி வேலை செய்ய முடிவது இதனால்தான். 'ட்யூன்2எஃப்எஸ்' கொண்டு இந்த ஒதுக்கீட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். தரவு மட்டுமுள்ள வட்டில் அது சரி. மூலப் பகிர்வில் செய்யக்கூடாது.

அளந்த பிறகு தேட வேண்டிய இடம் பெரும்பாலும் 'வார்' அடைவுதான். 'அப்ட் கிளீன்' நீக்கும் தொகுப்புகளை மீண்டும் தரவிறக்கலாம் என்பதால் அதில் ஆபத்தில்லை. பழைய கர்னல்களைத் தொகுப்பு மேலாளர் வழியாகவே நீக்க வேண்டும். கையால் அழித்தால் துவக்கப் பட்டியலும் தொகுப்புக் கணக்கும் பொய்யாகும். டாக்கரின் வால்யூம்களில் உயிருள்ள தரவு இருக்கலாம், பார்க்காமல் அழிக்கக்கூடாது. சிஸ்டம்டி ஜர்னல் இயல்பில் பகிர்வின் 10 சதவீதம்வரை, அதிகபட்சம் 4 ஜிபி பிடிக்கும். அதற்குச் சிறிய வரம்பு வைக்கலாம். ஆனால் ஒரே பிழைச் செய்தியை ஓயாமல் பதிவுக் கோப்பில் எழுதும் நிரலைத் திருத்தாவிட்டால், எத்தனை ஜிபி விடுவித்தாலும் பகிர்வு மறுபடி நிரம்பும்.